உங்களுக்குத் தெரியுமா? பழைய காருக்கு முன் கண்ணாடி

● ஏ-9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் நடுவே இருக்கும் கனகராயன்குளத்தில், பழைய வாகனங்களின் முன் கண்ணாடிக்கு முதல் எதிரி கல்தான். பிரதான வீதி காப்பெற் வீதியாகிவிட்டது. உள்வீதிகள் பல இன்னும் கிரவல். கிரவல் ஏற்றிய ரிப்பர் முன்னால் போனால், அதன் பின் ரயர்ச் சோடிக்கு நடுவில் சிக்கிய கல் எந்த நேரமும் கழன்று பறக்கும். புது வாகனம் என்றால் கொழும்புக்கு ஒரு கோல் எடுத்தால் கண்ணாடி வந்துவிடும். நாற்பது, ஐம்பது வயதுக் காருக்கு அப்படி வராது. அந்தக் கார்களை இன்னும் கைவிடாமல் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இம்முறை இந்தப் பகுதி முழுவதும்.

● ஓடும் காரின் கண்ணாடியில் இரண்டு வகை உண்டு. லமினேட்டட் என்பது இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. கல் பட்டால் சிலந்தி வலைபோல வெடிக்கும், ஆனால் சிதறாது. டெம்பர்ட் என்பது ஒற்றைத் தகடு. உடைந்தால் முழுவதும் ஒரே நொடியில் சின்னச் சின்னத் துகளாகிவிடும். 1960கள், 70களின் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் முன்னாலும் டெம்பர்ட்தான் போட்டார்கள்.

● லமினேட்டட் கண்ணாடிக்கு வழிகாட்டியது கைதவறி விழுந்த ஒரு குடுவை. பிரெஞ்சு இரசாயனவியலாளர் எடுவார் பெனடிக்டஸின் ஆய்வுகூடத்தில், 1903இல், தட்டில் இருந்து விழுந்த கண்ணாடிக் குடுவை நொறுங்கியது. துண்டுகள் மட்டும் பிரியவில்லை. உள்ளே இருந்த செலுலோஸ் நைத்திரேற்று காய்ந்து படலமாகி அவற்றைப் பிடித்து வைத்திருந்தது. 1909இல் காப்புரிமை பெற்றார். கார்களுக்கு முன்னரே முதலாம் உலகப் போரின் நச்சுவாயு முகமூடிகளில் இந்தக் கண்ணாடி பரவலாகப் பயன்பட்டது.

● அதே 1903இல்தான் அமெரிக்காவின் மேரி அன்டர்சன் கண்ணாடி துடைக்கும் வைப்பருக்குக் காப்புரிமை பெற்றார்.

● டெம்பர்ட் கண்ணாடியை வெட்ட முடியாது. 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் குளிர்காற்று அடித்துச் சட்டென்று ஆற்றுகிறார்கள். வெளிப்புறம் முதலில் இறுகிவிட, உள்ளே பின்னர் ஆறிச் சுருங்கும் கண்ணாடி அதை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுவைதான் அதன் பலம். விளிம்பில் ஓர் இடத்தில் ஆழமாகக் கீறினால் இழுவை முழுவதும் அவிழ்ந்து தகடே தூளாகும். ஆகவே வேறு வாகனத்தின் பெரிய டெம்பர்ட் கண்ணாடியை வாங்கி அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

● காரின் வயதைவிடக் கண்ணாடியின் வடிவம்தான் மாற்றுவது இலகுவா கடினமா என்பதைத் தீர்மானிக்கிறது. மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானபோது அதன் முன் கண்ணாடி இரண்டு தட்டையான துண்டுகள், நடுவே ஒரு கம்பம். 1956இல் மொறிஸ் 1000 வந்தபோது கம்பம் போய், ஒரே வளைந்த கண்ணாடி வந்தது. பார்க்க அழகு, பார்வையும் அகலம். உதிரிப்பாகம் கிடைக்காத ஊரில் மட்டும் முதல் வடிவமே மேல். தட்டைக் கண்ணாடிக்கு ஒரு மட்டை அச்சும் கண்ணாடி வெட்டத் தெரிந்த ஒரு பாஸும் போதும். விலிஸ் ஜீப், பழைய லான்ட் றோவர், 1967 வரை வந்த இரட்டைக் கண்ணாடி வோக்ஸ்வாகன் வான் எல்லாம் இந்த வகை. பீட்டில்காரர்கள் கவனிக்க: 1965 மாடலில் இருந்து கண்ணாடி பெரிதாகி, சற்றே வளைந்தும் விட்டது. அதற்கு முந்தியது தட்டை. வருடம் சொல்லாமல் பீட்டில் கண்ணாடி கேட்காதீர்கள்.

● வளைந்த கண்ணாடியை ஊரில் ஏன் செய்ய முடியாது? இரண்டு தட்டைத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இரும்பு அச்சுச் சட்டத்தில் வைத்து உலைக்குள் தள்ளுகிறார்கள். 600 பாகையளவில் கண்ணாடி இளகி, தன் பாரத்தாலேயே அச்சுக்குள் தொய்கிறது. ஆறியபின் பிரித்து, நடுவே 0.76 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் படலத்தை வைத்து, அமுக்கமும் சூடும் உள்ள கலத்துக்குள் ஒட்டவைக்கிறார்கள். அச்சு கையில் இருந்தால் நூறு கண்ணாடி செய்யலாம். ஒரே ஒரு கண்ணாடிக்கு அச்சுச் செய்யப்போனால் காரின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். பிரித்தானியாவில் பழைய கார்ச் சங்கங்கள் தேவைப்படுவோரை ஒன்றுசேர்த்து ஒரே தடவையில் செய்விப்பதுண்டு. வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணத்து ஒஸ்ரின்காரர்கள் ஒரு பட்டியல் போட்டுச் சேர்ந்து கேட்டால் நமக்கும் அது நடக்கும் என்றே நம்புகிறேன்.

● வடக்கில் ஏன் இத்தனை பழைய கார்கள்? பிரியம் என்பது பாதிப் பதில். மீதி, தட்டுப்பாடு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை, 1950களில் வந்த ஒஸ்ரினும் மொறிசும்தான் நாடு முழுவதும் ஓடின. தெற்கில் பின்னர் யப்பான் வாகனங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. வடக்கில் 1990இல் மீண்டும் போர் வெடிக்க, பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைப் பட்டியலில். சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின கார்கள் அந்தக் காலத்தவை. எளிமையான பழைய இயந்திரங்கள்தான் அப்படிப்பட்ட எரிபொருளைத் தாங்கின. எண்ணெய்க்கு மாற்று வழி கண்ட மக்களுக்கு வளைந்த கண்ணாடிக்கு மாற்று வழி இருக்கவில்லை. ஓட்டம் நின்ற ஒரு காரில் இருந்து கழற்றி, ஓடும் காருக்குப் போடுவது ஒன்றே வழி. ஏ-9 பாதை 2002இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. 2009இல் மக்களோடு நகர்ந்த வாகனங்கள் முள்ளிவாய்க்கால் மணலில் வரிசையாக எரிந்தும் சிதைந்தும் கிடந்தன. பிறகு அவற்றில் பல பழைய இரும்பாக நிறுத்து விற்கப்பட்டன. ஒரு காருக்கு உதவியிருக்கக்கூடிய எத்தனையோ கதவும் கண்ணாடியும் றப்பரும் அதோடு போயின. அதன் பிறகு 2020 மார்ச்சில் நாடு முழுவதற்கும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. பழைய காரைப் பேணுவது எப்படி என்று தெற்கும் மீண்டும் கற்றுக்கொண்ட காலம் அது.

● உங்கள் காரின் பெயரில் கண்ணாடி இல்லையென்றால் அதன் சகோதரத்தின் பெயரில் தேடுங்கள். 1959இல் இருந்து வந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ-55 இரண்டாம் மார்க், அதைத் தொடர்ந்த ஏ-60, மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஐந்தாம், ஆறாம் தொடர்கள், வூல்ஸ்லி 15/60, 16/60 எல்லாம் இத்தாலியின் பினின்பரீனா வரைந்த ஒரே கூடு. முகப்பும் இலச்சினையும்தான் வேறு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் “கேம்பிறிட்ஜ் இல்லை” என்று கைவிரிக்கும் கடைக்காரரிடம் “வூல்ஸ்லி இருக்கா?” என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

● இந்தியாவின் அம்பாசடர் கார், மூன்றாம் தொடர் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டில் இருந்து வந்தது. இங்கிலாந்து 1950களோடு கைவிட்ட அந்த உடலை மேற்கு வங்கத்து உத்தர்பாறா தொழிற்சாலை 2014 வரை செய்துகொண்டிருந்தது. அதனால் அந்தப் பழைய ஒக்ஸ்போர்ட் வைத்திருப்பவர் தமிழ்நாட்டில் உறவினர் இருந்தால் சென்னைப் புதுப்பேட்டையில் விசாரிக்கலாம். வாங்குமுன் இரண்டின் அளவையும் ஒப்பிடுங்கள்.

● மொறிஸ் மைனருக்கு ஒரு நல்ல செய்தி. பிரித்தானியாவில் அதன் வளைந்த முன் கண்ணாடி இன்றும் புதிதாக, லமினேட்டட்டாக விற்கப்படுகிறது. இன்னொரு நல்ல செய்தி நம் நாட்டுடையது: பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், இலங்கையரோடு கூட்டுச் சேர்ந்து இங்கேயே அந்தக் காருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்வித்தார். இங்கிலாந்துக் காருக்கு இலங்கையில் அடித்த தகடு இங்கிலாந்துக்கே போனது.

● லமினேட்டட் தட்டைக் கண்ணாடியை வெட்டுவது ஒரு கலை. அடுத்தமுறை வாய்ப்புக் கிடைத்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய கண்ணாடியை மட்டையில் வைத்து அச்செடுத்து, அந்த அச்சைப் புதுத் தகட்டில் வைத்து வெட்டியால் கீறுகிறார்கள். பிறகு தகட்டைத் திருப்பி அதே கோட்டை மறுபக்கத்திலும் கீறுகிறார்கள். ஒரு நூல் விலகினாலும் விளிம்பு படியாகிவிடும். அடியில் இருந்து மெல்லத் தட்ட, இரண்டு தகடும் கோட்டில் வெடிக்கின்றன. ஆனாலும் துண்டு கையோடு வராது, நடுப் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டிருக்கும். வெடிப்பில் கொஞ்சம் ஸ்பிரிட்டை ஊற்றி நெருப்பு வைக்கிறார்கள். நீலச் சுவாலை கோட்டோடு ஓடி அணைகிறது. சூட்டில் படலம் இளகி, வெடிப்பு ஒரு தாள் தடிப்புக்கு விலகும். அந்த இடைவெளியில் பிளேற்றை விட்டு இழுத்தால் துண்டு பிரிகிறது. பிறகு விளிம்பை ஈரக் கல்லில் தேய்க்கிறார்கள். தேய்ப்பதை மட்டும் விடவே கூடாது. தேய்க்காத விளிம்பில் இருக்கும் சிறு நகவெட்டுத்தான் பின்னர் கிரவல் வீதியின் உதறலில் நீண்ட வெடிப்பாக வளரும்.

● யன்னல் கண்ணாடியை வெட்டி முன்னால் பூட்டுவது சில இடங்களில் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அது உடைந்தால் கத்தி போன்ற நீண்ட துண்டுகளாக உடையும். முன் இருக்கையில் இருப்பவரின் முகமும் கழுத்தும் அதற்கு நேரே இருக்கின்றன. தற்காலிகமாக ஒரு கிழமைக்கு என்றாலும் வேண்டாம்.

● கண்ணாடியின் மூலையில் உள்ள சின்ன எழுத்துகளை வாசித்திருக்கிறீர்களா? வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஓர் இலக்கமும் இருந்தால், அது அங்கீகாரம் வழங்கிய நாட்டைக் குறிக்கும். 1 ஜேர்மனி, 11 பிரித்தானியா, 43 யப்பான். உரோம இலக்கம் இரண்டு இருந்தால் சாதாரண லமினேட்டட் என்று பொருள். ட்ரிப்ளெக்ஸ் நிறுவனத்தின் பழைய கண்ணாடிகளில் எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளிகள் தயாரித்த காலத்தைச் சொல்லும். எழுத்து அழிந்துபோயிருந்தால் விளிம்பைப் பாருங்கள். லமினேட்டட்டில் இரண்டு தகடும் நடுக்கோடும் தெரியும். போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் டெம்பர்ட்டில் மங்கலான புள்ளிகளோ பட்டைகளோ தோன்றும்.

● டெம்பர்ட் இருந்த இடத்துக்கு லமினேட்டட் மாற்றுவது நல்ல முடிவுதான். தடிப்பை மட்டும் முதலில் அளந்து பாருங்கள். லமினேட்டட் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றர் வரை கூடுதலாக இருக்கும். பழைய றப்பரின் பள்ளம் அதை ஏற்காமல் திமிறும்.

● உண்மையில் கண்ணாடியைவிட றப்பர் பீடிங்தான் அரிது. கண்ணாடி வெயிலில் கெடாது, றப்பர் கெடும். வன்னி வெயிலில் இருபது வருடம் கிடந்த றப்பர் பிஸ்கற் மாதிரி ஒடியும். ஆகவே பழைய கண்ணாடியைக் கழற்றும்போது கத்தியை எடுக்காதீர்கள், மாற்று றப்பர் கையில் இருந்தாலன்றி. நடுவில் இருக்கும் பூட்டுப் பட்டியை முதலில் இழுத்தெடுங்கள், அப்போதே றப்பர் பாதி தளர்ந்துவிடும். இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரை விட்டு ஊறவைத்து, முனை மழுங்கிய மரக்குச்சியால் உதட்டை உள்பக்கத்தில் இருந்து கிளப்பிக்கொண்டே போங்கள். மேல் மூலைகளில் தொடங்கி ஒருவர் உள்ளிருந்து உள்ளங்கையால் தள்ள, இருவர் வெளியே ஏந்தி நிற்க வேண்டும்.

● பூட்டும் வேலை கயிற்றில் இருக்கிறது. கனகராயன்குளத்தில் ஒரு கராச்சில் இதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இவ்வளவு பெரிய வேலையை ஒரு நைலோன் கயிறு செய்து முடிப்பதைக் கண்டு வியந்துதான் போனேன். மேசையில் பழைய போர்வை விரித்து, கண்ணாடியை வைத்து, றப்பரைச் சுற்றிவரப் போட்டார்கள். காரின் தகட்டுக்குள் மாட்டும் வெளிப் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றிவரப் பதித்து, இரண்டு நுனியும் கீழ் நடுவில் ஒன்றையொன்று தாண்டி உள்பக்கமாகத் தொங்கும்படி விட்டார்கள். சவர்க்காரத் தண்ணீர் தாராளமாகப் பூசப்பட்டது. கண்ணாடியைத் தூக்கி வெளியில் இருந்து சட்டத்தில் நடுமட்டமாக வைத்ததும், பாஸ் உள்ளே ஏறி உட்கார்ந்து ஒரு நுனியை மெல்ல இழுக்கத் தொடங்கினார். கயிறு வர வர, றப்பரின் உதடு “சளக், சளக்” என்று தகட்டைத் தாண்டி உள்ளே விழுந்தது. வெளியே நின்ற பெடியன் கயிறு போகும் இடத்துக்கு நேரே உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வந்தான். மூலையில் நின்றுவிட்டால் பலமாக இழுக்கக் கூடாதாம். பின்னால் வந்து, மறுபடி சவர்க்காரம் பூசி, மறுபடி இழுக்கிறார். பெரும்பாலான கண்ணாடிகள் வெடிப்பது அந்த மூலைகளில், அவசரத்தில்.

● புதுக் கண்ணாடி பூட்டிய சில நாளிலேயே தானாக வெடித்தது என்று சிலர் சொல்வார்கள். கண்ணாடியைக் குறைசொல்லுமுன் சட்டத்தைத் தடவிப் பாருங்கள். பழைய காரில் தகட்டு விளிம்பு கறள் பிடித்துப் பொங்கியிருக்கும், அல்லது எப்போதோ தட்டி நிமிர்த்தியதில் நெளிந்திருக்கும். பொங்கிய அந்த ஓர் இடம் கண்ணாடியை இரவு பகலாக அழுத்திக்கொண்டிருக்கும். கண்ணாடி வெளியே இருக்கும் அந்த நேரம்தான் கறளைச் சுரண்டி, துளை விழுந்த இடத்துக்குத் தகடு ஒட்டி, மை பூச நல்ல தருணம்.

● வினாகிரி மணக்கும் சிலிக்கனை அந்த விளிம்பில் பூசாதீர்கள். காயும்போது அது அசற்றிக்கமிலத்தை விடும், இரும்புத் தகட்டைக் கறள் ஆக்கும். றப்பரில் பூட்டும் கண்ணாடிக்கு இறுகாத வகை மாஸ்டிக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஒழுகுகிறதா என்று மாரி தொடங்குமுன், ஐப்பசிக்கு முன்னரே ஊற்றிப் பாருங்கள்.

● லமினேட்டட் கண்ணாடியில் கல் பட்டு, சின்ன நட்சத்திரம் போல ஒரு புள்ளி மட்டும் விழுந்திருந்தால் முழுக் கண்ணாடியையும் மாற்றத் தேவையில்லை. உடனே அதன்மேல் தெளிந்த ரேப் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள். தூசும் தண்ணீரும் உள்ளே போனால் ஒட்டுப் பிடிக்காது. பிறகு றெசின் ஏற்றுபவரிடம் போங்கள். அந்த றெசின் புற ஊதாக் கதிரில் இறுகும். விளக்கு இல்லாத இடத்தில் நம்முடைய மத்தியான வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும். வெடிப்பு விளிம்பு வரை ஓடிவிட்டாலோ, சாரதியின் கண்ணுக்கு நேரே இருந்தாலோ றெசினை நம்ப வேண்டாம்.

● வெடிப்பு உள்ள கண்ணாடிக்கு மத்தியான வெயிலில் வாளியால் தண்ணீர் அடிப்பது அதை நீளமாக்கும் நிச்சயமான வழி.

● உடையாத கண்ணாடியும் முதுமை அடையும். சோழகக் காற்றில் பறக்கும் மணலும், தூசியோடு ஓடவிட்ட வைப்பரும் ஆயிரக்கணக்கான நுண்கீறல்களை விட்டுவைக்கின்றன. பகலில் தெரியாது. இரவில் எதிரே ஒரு பஸ்ஸின் விளக்கு விழுந்ததும் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகும். ஏ-9 வீதியில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருப்பது அதே இருட்டில்தான். இந்தக் காரணத்துக்காக மட்டுமே கண்ணாடி மாற்றுவதென்றாலும் அது வீண் செலவல்ல.

● கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்கா மணல், வடமராட்சியில் வல்லிபுரம், அம்பன் பக்கமும், மேற்கே நாத்தாண்டிய, மாறவில பக்கமும் படிந்து கிடக்கிறது.

● கொழும்பில் கண்ணாடி கிடைத்துவிட்டால் கொண்டுவரும் விதத்தில் கவனம் வேண்டும். படுக்கவைக்கக் கூடாது. படுத்த கண்ணாடி லொறியின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் நடுவில் வளைந்து நிமிரும். நீள விளிம்பில் நிறுத்தி, அடியில் வைக்கோலோ பழைய ரயர்த் துண்டோ கொடுத்து, இரண்டு பக்கமும் அசையாமல் கட்ட வேண்டும். பழைய கண்ணாடி வெடித்திருந்தாலும் புதியது பூட்டி முடியும்வரை எறியாதீர்கள், அளவுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. இடப்பக்க மூலையில் ஒட்டியிருக்கும் வரி அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதி அட்டையையும் கிழியாமல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் உங்கள் கண்ணாடிச் செலவு உங்களுடையதே.

● பின்னர் வந்த யப்பான் கார்கள், ஹயஸ் வான்கள் பலவற்றில் றப்பர் பிடி இல்லை, யூறதேன் பசையால்தான் ஒட்டியிருக்கும். அதற்குக் கயிறு உதவாது. மெல்லிய உருக்குக் கம்பியைப் பசைக்குள் நுழைத்து, இருவர் இரண்டு பக்கமும் நின்று வாள் இழுப்பதுபோல் இழுத்துத்தான் அறுக்க வேண்டும். புதிதாக ஒட்டியபின் பசைக் குழாயில் எழுதியிருக்கும் நேரம் முடியும்வரை வண்டியை எடுக்காதீர்கள். முதல் நாள் கதவை அடித்துச் சாத்தவும் வேண்டாம், உள்ளே அடைபடும் காற்று இறுகாத பசையைத் தள்ளிவிடும். ஒரு பக்க யன்னலைக் கொஞ்சம் இறக்கி விட்டால் போதும்.